மாறி சொன்ன காத்தாயி

தேக்காவில் கூவாமல் வியாபாரம் செய்த ஒரே ஆள் காத்தாயிதான். கப்பலேறி வந்த நம் ஆட்கள் குடியிருந்த சிராங்கூன் சாலையில் அந்தக் காலத்தில் எதை விற்பதானாலும் தொண்டையைக் கொண்டுதான் விற்க வேண்டும். பால்காரருக்கு ஒரு ராகம், உப்புக்காரருக்கு ஒரு ராகம். சீனர் மீ என்ற கோதுமைச் சேமியா விற்க வந்தால் மூங்கில் துண்டைத் தட்டித் தெருவையே எழுப்பிவிடுவார். காத்தாயி மட்டும் என் மளிகைக் கடை வாசல் ஓரமாக இடியாப்பக் கூடையை இறக்கி, ஈரத்துணியால் மூடி, பேசாமல் உட்கார்ந்திருப்பாள். வேண்டியவர்கள் வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். மற்றவர்களுக்கு அங்கே ஒருத்தி இருப்பதே தெரியாது. கடவுள் உனக்கு வாயைக் கொடுத்தது இடியாப்பம் தின்ன மட்டும்தானா என்று நானே கேட்டிருக்கிறேன். சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்கும் சத்தம் இருக்காது.

அவள் புருஷன் முனிசிபல் மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். காய்ச்சலில் போய்விட்டான். பிள்ளை குட்டி இல்லை. சொந்தம் என்று இங்கே இருந்தது அவனுடைய அண்ணன் கோவிந்தசாமி ஒருவர்தான். வண்டிப் பட்டறைக்கு அவர்தான் தண்டல், ஆட்களை மேய்க்கும் மேஸ்திரி. எங்கள் பஜனை மடத்துக்கும் அவர்தான் தலைவர். அவர் கைகாட்டினால் வண்டி நிற்கும், தொண்டையைக் கனைத்தால் பஜனை நிற்கும். நல்ல மனுஷர், அதில் சந்தேகமே இல்லை. நல்ல மனுஷர்களிடம் உள்ள ஒரே தொல்லை, அடுத்தவருக்கு எது நல்லது என்பதையும் அவர்களே முடிவு செய்துவிடுவார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்துப் பெண்கள் மூத்தாரிடம், அதாவது புருஷனின் அண்ணனிடம், நேருக்கு நேர் பேசுவது கிடையாது. அவர் வந்தால் எழுந்து ஒதுங்கி நிற்க வேண்டும். ஏதாவது சொல்லியே ஆக வேண்டுமென்றால் பக்கத்தில் இருக்கும் யாரிடமாவது சொல்ல வேண்டும். யாரும் இல்லையென்றால் சுவரிடம் சொல்ல வேண்டும். “சோறு ஆறுதுன்னு சொல்லுங்க” என்று சுவரைப் பார்த்துச் சொன்னால் மூத்தார் வந்து உட்காருவார். அவரும் அப்படியே சுவரிடம்தான் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்பார். காத்தாயியும் கோவிந்தசாமியும் என் கடை வாசலில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்துகொண்டு, நடுவில் என் மனைவி தங்கத்தை வைத்துத்தான் பேசிக்கொள்வார்கள். இவர் சொல்வது அவளுக்கு நன்றாகக் கேட்கும், இருந்தாலும் தங்கம் ஒருமுறை திருப்பிச் சொல்ல வேண்டும். தங்கத்துக்கு அதில் அலுப்பே கிடையாது. பேச வாய்ப்புக் கிடைத்தால் அவள் விடமாட்டாள்.

சீமையில் புதிய ராஜாவுக்கு முடிசூட்டப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த அந்த வைகாசியில், கோவிந்தசாமி கடைக்கு வந்து தங்கத்திடம் ஒரு செய்தி சொன்னார். அதற்காக இங்கே எடுக்கும் விழா முடிந்த கையோடு நாகப்பட்டினத்துக்குக் கப்பல் போகிறது, தன் ஊர்க் குடும்பம் ஒன்று அதில் போகிறது, காத்தாயியும் அவர்களோடு போய்விடட்டும். வயதுப் பெண் இங்கே தனியாக இருந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். ஊரில் மாமியார் வீடு இருக்கிறது, ஒரு வாய்ச் சோற்றுக்குக் குறைவிருக்காது. இதைச் சொல்லிவிட்டு, காரியம் முடிந்த திருப்தியோடு வெற்றிலை வாங்கிக்கொண்டு போனார்.

காத்தாயி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவர் தலை மறைந்ததும் கடைக்குப் பின்னால் போய்த் தங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, அங்க எனக்கு யாரு இருக்கா? அவங்க வீட்டு மாட்டுக் கொட்டாய்ல சாணி அள்ளிக்கிட்டுக் கெடக்கணும். இங்க எனக்குன்னு ஒரு அடுப்பாவது இருக்கு. நான் போக மாட்டேன் அக்கா.”

என் மனைவி அன்று மாலையே கோவிந்தசாமியிடம் போய்ச் சண்டை பிடித்தாள். அவர் கோபப்படவில்லை. அவ சொன்னாளா என்று கேட்டார். என்னிடம் சொன்னாள் என்றாள் தங்கம். அது உங்க பேச்சு தங்கம்மா, அவளுக்கு இங்கேதான் இருக்கணும்னு இருந்தா அவ வாயால என்கிட்ட சொல்லட்டும், நான் கேக்கறேன் என்று முடித்துவிட்டார். மூத்தாரிடம் வாய் திறக்கவே கூடாது என்பது முறை. வாய் திறந்து சொன்னால்தான் கேட்பேன் என்பது அவர் தீர்ப்பு. அதுவும் யாரிடம்? பூனையை விரட்டக்கூடச் சத்தம் போடத் தெரியாத காத்தாயியிடம். எனக்கு வந்த எரிச்சலில் அன்று இரண்டு பேருக்குச் சர்க்கரைக்குப் பதில் உப்பைக் கட்டிக் கொடுத்துவிட்டேன்.

விழாவுக்கு எங்கள் வட்டாரத்தின் சார்பில் ஆண்கள் பஜனையும் சிலம்பமும், பெண்கள் கோலாட்டமும் என்று மடத்தில் முடிவானது. கோலாட்டத்துக்குத் தங்கம் பொறுப்பு. பால்காரர் வீட்டுப் பெண்கள், வண்டிக்காரர் வீட்டுப் பெண்கள், சலவைக்காரர் வீட்டுப் பெண்கள் என்று ஒரு கூட்டத்தையே சேர்த்துவிட்டாள். என் கடைக்குப் பின்னால் எருமை கட்டும் திடல் ஒன்று இருந்தது. பொழுது சாயும் நேரத்தில் அங்கே பழக்கம். கைத்தாளம் போடும் வேலை என் தலையில் விழுந்தது. எனக்குத் தாளம் தெரியும் என்று யாரும் சொன்னதில்லை, கடையைச் சீக்கிரம் மூட முடிந்த ஆள் நான்தான் என்பது ஒன்றே காரணம்.

காத்தாயியும் ஆட வேண்டும் என்று தங்கம் சொன்னாள். தாலியறுத்தவள் கோலைத் தொடக்கூடாது, மங்கல காரியம் என்று கோவிந்தசாமி மறுத்தார். தங்கம் கொஞ்சம் யோசித்தாள்.

“சரி, கோலைத் தொட மாட்டா. நடுவுல நின்னு மாறி சொல்லுவா. வாய்க்கும் ஏதாச்சும் தீட்டு இருக்கா?”

சொல்லிவிட்டுப் போகட்டும் என்று அவர் விட்டுவிட்டார். கோலாட்டத்தில் வாய்க்குத் தீட்டு உண்டா என்று இதற்கு முன் யாரும் அவரைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

கோலாட்டம் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். உள்வட்டமும் வெளிவட்டமுமாக இரண்டு வரிசை நின்று, எதிரெதிராக இருப்பவர்கள் கோலோடு கோல் தட்டி ஆடுவார்கள். நடுவில் இருப்பவள் “மாறி” என்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில் நகர்ந்து அடுத்த ஜோடிக்குப் போக வேண்டும். அந்தச் சொல் கொஞ்சம் பிந்தினாலும் பாதிப் பேர் போய்விடுவார்கள், மீதிப் பேர் நிற்பார்கள், கோல் கோலில் படாமல் விரலில் படும். ஆட்டமே அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. அந்தச் சொல்லைத்தான் ஊரிலேயே சத்தம் இல்லாத பெண்ணிடம் என் மனைவி கொடுத்திருந்தாள்.

முதல் நாள் காத்தாயி சொன்ன மாறி அவள் காதுக்கே கேட்டிருக்காது. அவள் உதட்டைப் பார்த்து நகர்ந்தவர்கள் சிலர், பக்கத்து ஆளைப் பார்த்து நகர்ந்தவர்கள் சிலர், நகராதவர்கள் பலர். பால்காரர் வேலாயுதத்தின் மனைவி லட்சுமிக்குக் கட்டைவிரலில் அடி விழுந்தது. அடித்தது தங்கம். இவளுக்குப் பதிலா ஒரு குருவியப் புடிச்சு நிறுத்தலாம் என்று காத்தாயியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, தங்கத்தோடும் பேச்சை நிறுத்திவிட்டாள் லட்சுமி. போதாக்குறைக்கு, ஆட வந்த சலவைக்காரர் மனைவிக்கு மாசம் நெருங்கிப் படுத்துவிட, ஓர் ஆள் குறைந்தது. ஜோடி கெடாமல் இருக்க அவள் இடத்தில் ஒரு தண்ணீர்க் குடத்தை வைத்தார்கள். தன் முறை வரும்போது ஒவ்வொருத்தியும் குடத்துக்கு முன்னால் நின்று காற்றில் கோலைத் தட்டிவிட்டுப் போவாள். பார்க்கச் சகிக்காது.

ஆனால் காத்தாயி ஒரு நாளும் வராமல் இருக்கவில்லை. கேலி செய்தார்கள், தலை குனிந்து கேட்டுக்கொண்டாள், மறுநாள் எல்லோருக்கும் முன்னால் வந்து திடலைக் கூட்டி வைத்திருந்தாள். நடுவில் நிற்பது அவளுக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். அங்கிருந்து பார்த்தால் எல்லோர் முகமும் தெரியும்.

ஒரு மாலை, எல்லோரும் நகர்ந்துவிட்டார்கள், தங்கம் மட்டும் ஏதோ நினைப்பில் நின்றுவிட்டாள். லட்சுமி வேகமாகத் திரும்பி ஓங்கிய கோல் நேராக என் மனைவியின் முகத்துக்கு வந்தது. நான் கைத்தாளத்தைப் போட்டுவிட்டு எழுந்தேன். நடுவிலிருந்து வந்தது ஒரு சத்தம்.

“மாறீ!”

அது யாருடைய குரல் என்று எனக்கு ஒரு கணம் புரியவில்லை. தங்கம் துள்ளி விலகினாள், கோல் காற்றில் போனது. கட்டியிருந்த எருமைகள் எல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தன. காத்தாயி தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு நின்றாள்.

கதை அதோடு முடியவில்லை. திடலை ஒட்டிய சந்துக்கு அந்தப் பக்கம், போயான் கம்பம் என்ற மலாய்க் குடியிருப்பில் ஜைனப் என்று ஒரு பெண் இருந்தாள். புருஷன் துரைமார் வீட்டுக் குதிரைகளைப் பார்த்துக்கொள்பவன். தினமும் காத்தாயியிடம் இடியாப்பம் வாங்குவாள். அன்று துவைத்த துணிகளைக் கூடையில் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவள், திடீரென்று திரும்பி, ஓடுகிற ஓட்டத்தில் வட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து காத்தாயியின் முன்னால் மூச்சிரைக்க நின்றாள். என்ன ஆபத்து, எதற்குக் கூப்பிட்டாய் என்று மலாயில் கேட்டாள். நான் கூப்பிடவில்லையே என்றாள் காத்தாயி. கூப்பிட்டாயே, எங்கள் வீடு வரைக்கும் கேட்டிருக்குமே என்றாள் அவள். எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. மலாயில் மாரி என்றால் வா. றகரம் ரகரமெல்லாம் ஜைனப்புக்கு என்ன தெரியும்? இத்தனை நாளும் காத்தாயி வா வா என்று சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், யார் காதிலும் விழாததால் யாரும் வரவில்லை.

லட்சுமிதான் முதலில் சிரித்தாள். பிறகு திடலே சிரித்தது. காத்தாயி சிரித்தாள், சத்தமாகவே சிரித்தாள், தனக்குத் தெரிந்த சந்தை மலாயில் விஷயத்தை விளக்கினாள். ஜைனப் சிரிக்கவில்லை. கூப்பிட்டுவிட்டு இல்லை என்று அனுப்புவது என்ன மரியாதை என்று கேட்டாள். துணிக்கூடையைக் கீழே வைத்தாள், குடத்தைப் பார்த்தாள், அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு அந்த இடத்தில் தான் நின்றுகொண்டு கோலுக்காகக் கையை நீட்டினாள். அன்றைக்குத்தான் எங்கள் கோலாட்டம் முதன்முறையாக முழுசாக நடந்தது. ஜைனப்புக்குத் தாளம் எனக்கு வந்ததைவிட நன்றாக வந்தது.

மறுநாள் அவளோடு அவள் தங்கை வந்தாள். அதற்கடுத்த நாள் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி. செய்தி கோவிந்தசாமிக்குப் போய்விட்டது. அவர் திடலுக்கு வந்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தங்கத்தை அழைத்தார். இந்தப் பெண்கள் வருவதில் தனக்கு ஒன்றுமில்லை, ஆனால் விழா அன்று ஊரே கூடும், மாறி மாறி என்று கத்தினால் கம்பமே உள்ளே புகுந்துவிடும், ஆகவே அந்தச் சொல்லை விட்டுவிட்டுத் திரும்பு என்று சொல்லச் சொல்லுங்கள் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சில பெண்கள் தலையையும் ஆட்டிவிட்டார்கள்.

காத்தாயி அவரைப் பார்க்கவில்லை. ஓரத்தில் இருந்த குடத்தைப் பார்த்துச் சொன்னாள்.

“மாறியே இருக்கட்டும்னு சொல்லுங்க. கூப்பிட்டதும் வர்றாங்கன்னா அது நல்ல சொல்லுதானே.”

கோவிந்தசாமி குடத்தைப் பார்த்தார். குடம் எதிர்த்துப் பேசும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. சரி, பார்ப்போம் என்று அதே குடத்திடம் சொல்லிவிட்டுப் போனார். சிரிப்பை அடக்க நான் கைத்தாளத்தைக் கடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு காத்தாயியைப் பார்க்க வேண்டுமே. எந்த ஜோடியை எப்போது மாற்றுவது என்பது அவள் இஷ்டம் என்பதை அவள் கண்டுபிடித்துவிட்டாள். யாருக்கு மூச்சு வாங்குகிறதோ அவளை மெதுவாக ஆடுகிறவளின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவாள். புதிதாக வந்தவள் தடுமாறினால் மாறியைச் சற்றுத் தள்ளிப் போடுவாள். ஒரு நாள் லட்சுமியும் தங்கமும் எதிரெதிரே வந்தார்கள். கட்டைவிரல் விவகாரத்துக்குப் பிறகு இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை, கோலை மட்டும் பார்த்துத் தட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். காத்தாயி மாறி சொல்லவில்லை. தட்டினார்கள், தட்டினார்கள், தட்டிக்கொண்டே இருந்தார்கள். எல்லோருக்கும் கை வலித்தது. தாளம் போட்டு என் மணிக்கட்டு கழன்றுவிடும் போலிருந்தது. நடுவில் நிற்கிறவள் எதுவும் தெரியாதது போல வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் லட்சுமியே வாயைத் திறந்தாள்.

“தங்கம்மா, இவ நம்மள விடமாட்டா போலிருக்கே.”

தங்கம் சிரித்துவிட்டாள். இரண்டு பேரும் சிரித்த பிறகுதான் மாறி வந்தது. அன்று வீட்டுக்குத் திரும்பும்போது இருவரும் கையைக் கோத்துக்கொண்டு போனார்கள். எனக்குத்தான் இரவுச் சாப்பாடு தாமதமானது.

இன்னொரு காலை, கடையைத் திறந்துகொண்டிருக்கும்போது வாசலில் யாரோ புது வியாபாரி “இடியாப்பம்! புட்டு மாயாம்!” என்று ஒரே பண்டத்தைத் தமிழிலும் மலாயிலும் கூவுவது கேட்டது. இது நம்ம காத்தாயியின் பிழைப்பைக் கெடுக்க வந்த ஆள் என்று விரட்டப் போனேன். காத்தாயிதான் உட்கார்ந்திருந்தாள். வெயில் ஏறுவதற்குள் கூடை காலியாகிவிட்டது. அன்றிலிருந்து என் காலைத் தூக்கம் போனது. ஆனாலும் அந்தச் சத்தம் கேட்காத நாளில் எனக்கு வேலை ஓடாது.

இவ்வளவு ஆகியும் மூத்தார் வந்தால் மட்டும் பழைய காத்தாயிதான். எழுந்து ஒதுங்கித் தூணோடு தூணாக நின்றுவிடுவாள். கப்பல் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு பேரை ஒரு சொல்லில் ஆட்டிவைக்கிறாயே, அவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று தங்கம் அவளைப் பிடித்து உலுக்கினாள்.

“அது வேற அக்கா. திடல்ல என் சத்தம் ஆட்டத்துக்காக வருது. அவருகிட்ட எனக்காகத்தானே வரணும்? அது வர மாட்டேங்குது.”

தங்கம் உலுக்குவதை நிறுத்தி அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

விழா நாள் வந்தது. சாலை நெடுகத் தோரணமும் காகிதக் கூண்டு விளக்கும். கடைக்குக் கடை வாழைமரம். ரோச்சோர் பக்கத்திலிருந்து சீனர்கள், கம்பத்திலிருந்து மலாய்க்காரர்கள், சவுத் பிரிட்ஜ் சாலையிலிருந்து நம் ஆட்கள், பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு எல்லோரும் வந்து நின்றார்கள். பஜனை முடிந்தது, சிலம்பம் முடிந்தது, பெண்கள் மஞ்சளும் சிவப்புமாகப் புடவை கட்டி வந்து வட்டம் போட்டார்கள். நடுவில் வெள்ளைப் புடவையில் காத்தாயி.

கோவிந்தசாமி அன்று கோட்டு, தலைப்பாகை, அங்கவஸ்திரம் என்று முழு அலங்காரத்தில் இருந்தார். கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது அவர் பொறுப்பு. கூட்டம் நெருக்க நெருக்க, அவர் பின்வாங்கிப் பின்வாங்கி வட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டார். வந்தவர் சும்மா இருந்தாரா? இப்படி வாங்க, அப்படிப் போங்க, தள்ளி ஆடுங்க என்று பெண்களுக்கும் உத்தரவு போட ஆரம்பித்தார். மாறி ஒரு பக்கம் இழுத்தது, தண்டல் குரல் ஒரு பக்கம் இழுத்தது. வட்டம் குழம்பியது. லட்சுமியின் கோல் பட்டு அவர் தலைப்பாகை கீழே விழுந்தது. அதை எடுக்க அவர் குனிந்தார், இரு வரிசையும் அவர் மேல் ஏறிவிடும் நிலை.

“மாமா! வெளியே போங்க!”

கோலெல்லாம் நின்றுவிட்டது. என் தாளமும் நின்றுவிட்டது. அதைச் சொன்னது காத்தாயி. சுவரிடம் அல்ல, குடத்திடம் அல்ல, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். கோவிந்தசாமி தலைப்பாகையைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். பிறகு, வண்டிப் பட்டறையையே ஆட்டி வைக்கிற அந்த மனுஷர், நடந்து வெளியே போய்க் கூட்டத்தோடு நின்றார்.

அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. என் பக்கம் திரும்பித் தாளம் என்னாச்சு என்று அதட்டினாள். நான் போட்டேன். அதற்குப் பிறகு நடந்ததை எழுதிக் காட்ட எனக்குத் திறமை போதாது. வட்டம் சுழன்றது. ஒவ்வொரு மாறிக்கும் ஒரே நேரத்தில் அத்தனை கால்களும் நகர்ந்தன, அத்தனை கோல்களும் ஒரே சத்தமாக விழுந்தன. கோவிந்தசாமி பயந்தது போலவே கம்பத்துப் பெண்கள் அந்தச் சொல்லைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்கள். கோல் இல்லாதவர்கள் கையைத் தட்டினார்கள். அவர்களைப் பார்த்து இரண்டு சீனப் பெண்களும் வந்துவிட்டார்கள். காத்தாயி வெளியே மூன்றாவது வட்டம் ஒன்று போட்டு அவர்களையும் சேர்த்துக்கொண்டாள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, ஒளிப்பானேன்.

ஆட்டம் முடிந்ததும் அவள் என் கடைக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டாள். தங்கம் தண்ணீர் கொடுத்தாள்.

“அக்கா, நான் அவருகிட்ட என்ன சொல்லிட்டேன்?”

“வெளியே போங்கன்னு சொன்னே.”

“அப்புறம்?”

“போயிட்டாரு.”

“போயிட்டாரா?”

“போயிட்டாருடி.”

காத்தாயி செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அதையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குடிக்க மறந்துவிட்டாள்.

கப்பல் புறப்படும் நாள் காலையில் கோவிந்தசாமி ஒரு ரிக்‌ஷாவோடு கடைக்கு வந்தார். விழா அன்று நடந்ததைப் பற்றி அவர் யாரிடமும் எதுவும் பேசியிருக்கவில்லை. காத்தாயி வழக்கம்போல் இடியாப்பம் விற்றுக்கொண்டிருந்தாள். அவர் தங்கத்தின் பக்கம் திரும்பி, மூட்டை கட்டியாச்சா என்று கேளுங்கள், தஞ்சோங் பகார் துறைமுகத்தில் அந்த ஊர்க் குடும்பம் காத்திருக்கும் என்றார். என் மனைவி வெங்காயத்தை ஒவ்வொன்றாக எடுத்துத் தோலை ஊதிக்கொண்டிருந்தாள்.

காத்தாயி எழுந்தாள். இந்த முறை ஒதுங்கவில்லை. கூடையை ஈரத்துணியால் மூடிவிட்டு அவருக்கு நேராக வந்து நின்றாள்.

“மாமா, நான் போகல.”

குரல் பெரிதாக இல்லை. சாலையில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. ஆனாலும் கேட்டது. கோவிந்தசாமி பழக்கதோஷத்தில் ஒருமுறை தூணைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?”

“அன்னிக்கு எனக்குச் சொல்ல வரல மாமா. இப்ப வருது.”

தனியாகக் கிடந்து என்ன செய்வாய் என்று அவர் கேட்டார். இப்போது செய்வதைத்தான் செய்வேன் என்றாள். உங்களுக்குக் கெட்ட பேர் வராது, யாராவது ஏதாவது சொன்னால் நேராக என்னிடம் வந்து கேளுங்கள், நான் பதில் சொல்கிறேன் என்றாள். அவள் வாயால் சொன்னால் கேட்பேன் என்று அவர் முன்பு சொன்னதை யாரும் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை. அவரே ஞாபகம் வைத்திருந்தார். நல்ல மனுஷர் என்று நான் சொன்னேன் அல்லவா? ரிக்‌ஷாக்காரரிடம், துறைமுகத்தில் இன்னார் நிற்பார்கள், ஆள் வரவில்லை என்று சொல்லிவிடு என்று அனுப்பிவைத்தார்.

அதற்குப் பிறகு காத்தாயி இந்த ஊரிலேயே இருந்து, இந்த ஊரிலேயே கிழவியானாள். எங்கள் வட்டாரத்தில் எந்தத் திருவிழா வந்தாலும் நடுவில் அவள்தான். யாருக்காவது மாமியாரிடமோ, தண்டலிடமோ, முனிசிபல் ஆளிடமோ ஒரு பேச்சுப் பேச வேண்டியிருந்தால் அவளைத் தேடி வருவார்கள். அவர்களுக்காக அவள் பேச மாட்டாள். நீயே சொல்லு, நான் பக்கத்தில் நிற்கிறேன் என்று கூடவே நடந்து போவாள். சில வருஷம் கழித்து அறுத்தவள் ஒருத்தி கோலெடுத்து ஆட வந்தபோது, மடத்தில் யாரும் மங்கலம் அமங்கலம் என்று வாயைத் திறக்கவில்லை. திறந்தால் காத்தாயி கேட்பாள் என்ற பயம்.

அதெல்லாம் பிற்பாடு. அன்று காலை ரிக்‌ஷா போன பிறகும் கோவிந்தசாமி போகாமல் நின்றார். ஏதோ சொல்ல வேண்டும் போலிருந்தது அவருக்கு. தொண்டையைக் கனைத்துக்கொண்டு தங்கத்தின் பக்கம் திரும்பினார்.

“ரெண்டு கட்டு வெறகு அனுப்பறேன்னு அவகிட்ட சொல்லுங்க.”

தங்கம் வாயைத் திறக்கப் போனாள். அதற்குள் காத்தாயி முந்திக்கொண்டாள்.

“என்கிட்டயே சொல்லுங்க மாமா.”

அவர் காது சிவந்துவிட்டது. அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார். மெதுவாகத் திரும்பி, தம்பி அவளைக் கட்டி இந்த ஊருக்கு அழைத்து வந்த நாளிலிருந்து ஒருமுறைகூட அவர் வாயில் வராத பெயரைச் சொன்னார்.

“வெறகு அனுப்பறேன், காத்தாயி.”

“சரி மாமா. காஞ்ச வெறகா அனுப்புங்க” என்றாள் அவள்.